காலை எடுத்தால் ஊளை: அம்பாசடரின் பின் ஆக்சிலைத் திறந்த கதை

தொப்பூர் கணவாய் இறக்கத்தில்தான் அந்தச் சத்தம் முதலில் சரியாகக் காதில் விழுந்தது. சேலத்தில் ஒரு கல்யாணம். தருமபுரியில் காலை ஆறரைக்குக் கிளம்பினோம். பின்சீட்டில் அம்மாவும் சித்தியும், முன்னால் நானும் ஒரு சீர்த்தட்டும். தொப்பூரில் டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வந்து, பிரேக் பிடிக்காமல் முன்னால் போகிறவன் மேல் ஏறும் லாரிகளின் கதை எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பயத்தில் நான் எப்போதும் மூன்றாம் கியரில் போட்டு, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, இஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளட்டும் என்று இறக்குவேன். அன்றைக்கும் அப்படித்தான். காலை எடுத்ததும் பின்னாலிருந்து 'ஊங்ங்ங்' என்று ஒரு ஊளை. லேசாக மிதித்தால் நின்றுவிடுகிறது. எடுத்தால் மறுபடியும்.

"ஏன்டா, பின்னாடி யாரோ மூக்கால அழற மாதிரி இருக்குதே" என்றாள் சித்தி.

"வண்டிக்கு வயசாயிடுச்சு சித்தி."

"எனக்கும்தான் ஆயிடுச்சு. நான் அழறனா?"

வண்டி அப்பா வாங்கியது. 1986 மார்க் 4 அம்பாசடர், 1489 சிசி பெட்ரோல், ஸ்டியரிங் பக்கத்திலேயே கியர்த் தடி. மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை என்ற இங்கிலாந்துக் கார்தான் உத்தர்பாரா தொழிற்சாலையில் அம்பாசடர் ஆனது; 2014 வரை அங்கே ஓடிக்கொண்டிருந்தது உற்பத்தி. எனக்குத் தொழில் தராசு ரிப்பேர். புளி மண்டி, மாங்காய் மண்டி, ரேஷன் கடை என்று ஊர் ஊராகப் போய் எடை பார்க்கும் கருவிகளைச் சரிசெய்பவன். மெக்கானிக் இல்லை. ஆனால் ஒரு பொருள் தப்பான எண்ணைக் காட்டினால் ஏன் காட்டுகிறது என்று தேடுவதுதான் என் பிழைப்பு. அதனால் இந்த ஊளையை விட மனசு வரவில்லை.

முதல் ஒரு மாதம் நான் செய்தது எல்லாம் வீண். அதையும் எழுதிவிடுகிறேன், யாருக்காவது பணம் மிச்சமாகட்டும். பெட்ரோல் பங்கில் ஒருவர் "டயர் சத்தம்" என்றார். முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் மாற்றினேன். மாற்றமே இல்லை. தெரு முனை ஒர்க்‌ஷாப்பில் "இடது பின் வீல் பேரிங் போச்சு" என்றார்கள். 2,200 ரூபாய்க்கு பேரிங் மாற்றினேன். சத்தம் அப்படியே இருந்தது, பழைய பேரிங்கைக் கையில் வைத்துச் சுற்றிப் பார்த்தால் அது என்னைவிட ஆரோக்கியமாக இருந்தது. பழைய கார் புரோக்கர் ஒருவர் சொன்ன வைத்தியம்தான் உச்சம். "டிஃபரன்ஷியல் ஆயில்ல ஒரு கைப்பிடி மரத்தூள் போடுங்க சார். மூணு மாசம் சத்தம் வராது. அதுக்குள்ள வித்துடலாம்." அவரிடம் ஏற்கெனவே வண்டி வாங்கியவர்களை நினைத்துக்கொண்டேன்.

அப்புறம்தான் புத்தி வந்தது. சத்தம் எங்கே வருகிறது என்று தேடுவதை விட்டுவிட்டு, எப்போது வருகிறது என்று பார்க்க ஆரம்பித்தேன். பட்டை ஸ்பிரிங் வழியாக எல்லாச் சத்தமும் பாடிக்கு ஏறிவிடும், காது ஏமாறும். நேரம் ஏமாற்றாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, அதியமான்கோட்டைப் பக்கம் சமதளமான ஒரு நீளச் சாலை. ஸ்பீடோமீட்டரை நம்பாமல் போனில் வேகம் பார்க்க ஏற்பாடு. பின்சீட்டில் மச்சான், கையில் நோட்டு. டாப் கியரில் 60 வைத்து ஒரே சீராக ஓட்டினேன்: சத்தம் இல்லை. அழுத்தி மிதித்தேன்: இல்லை. காலை எடுத்தேன்: ஊளை. 65-லிருந்து 45 வரை இறங்கும்வரை ஊளை, அதற்குக் கீழே கரைந்துவிடுகிறது. அடுத்து 60-ல் நியூட்ரலுக்குத் தள்ளினேன், காலியான சமதளச் சாலை என்பதால் மட்டும். ஊளை கிட்டத்தட்ட இல்லை. ஆக்சில் அதே வேகத்தில்தான் சுற்றுகிறது; இஞ்சின் இழுப்பு மட்டும் போய்விட்டது. பின் சாலையின் இரு பக்கமும் பாம்பு போல வளைத்து ஓட்டினேன். வீல் பேரிங் கெட்டிருந்தால் எடை ஒரு பக்கம் சாயும்போது சத்தம் கூடிக் குறையும். எந்த வித்தியாசமும் இல்லை. தார்ச் சாலையிலிருந்து கான்கிரீட் சர்வீஸ் சாலைக்கு இறங்கியும் பார்த்தேன். டயராக இருந்தால் சாலை மாறினால் சுருதி மாறும். மாறவில்லை.

கியர்பாக்ஸ் மேல் எனக்குக் கடைசிவரை சந்தேகம் இருந்தது. தொப்பூரில் மூன்றாம் கியரில்தானே கேட்டேன். ஆனால் இந்த வண்டியின் டாப் கியர் நேரடியானது. இஞ்சினும் புரப்பலர் ஷாஃப்டும், அதாவது கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் நீளத் தண்டும், ஒரே வேகத்தில் சுற்றும், உள்ளே இருக்கும் லேஷாஃப்ட் என்ற துணைத் தண்டின் பல்லுகள் பளு தாங்குவதில்லை. டாப்பிலும் அதே வேகத்தில், அதே சுருதியில் ஊளை வருகிறது என்றால் கியர்பாக்ஸை விட்டுவிடலாம்.

மிச்சம் இருந்தது டிஃபரன்ஷியல், பின் ஆக்சிலின் நடுவில் இருந்துகொண்டு இஞ்சின் சுழற்சியை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்லுத் தொகுதி. அதில் ஷாஃப்ட் பக்கம் இருக்கும் சின்னப் பல்லுச் சக்கரம் பினியன், அதோடு கடித்துச் சுற்றும் பெரியது கிரௌன். அதிலும் பேரிங்கா, பல்லா? இதற்குத்தான் என் தொழில் கொஞ்சம் உதவியது.

ஒரு பல்லுச் சக்கரம் சுற்றும்போது ஒரு வினாடிக்கு எத்தனை பல் கடிக்கிறதோ அத்தனை முறை அதிரும். அந்த எண்ணிக்கைதான் ஊளையின் சுருதி. எத்தனை பல் என்று தெரிந்தால் கணக்குப் போட்டுவிடலாம். திறக்காமலே பல் எண்ணுவது எப்படி? முன் சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்தேன். கியர் நியூட்ரல். ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தைத்தான் பிடிக்கும் என்பதால் அதை எடுத்துவிட வேண்டும். அதனால்தான் கல்லை நம்பினேன், இரண்டு பக்கமும் பெரிய கல். ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, அடியில் மரக்கட்டை அடுக்கினேன். மற்றது தரையில். இப்படி இருக்கும்போது தூக்கிய சக்கரத்தை இரண்டு சுற்றுச் சுற்றினால் உள்ளே கிரௌன் ஒரு சுற்றுதான் சுற்றும். மச்சான் சக்கரத்தைச் சுற்ற, நான் அடியில் படுத்துப் புரப்பலர் ஷாஃப்ட் பிளாஞ்சில், அதாவது ஷாஃப்ட் டிஃபரன்ஷியலோடு சேரும் வட்டத் தட்டில், சாக்பீஸ் கோடு போட்டு எண்ணினேன். சக்கரம் இரண்டு சுற்றுக்கு ஷாஃப்ட் ஐந்துக்குக் கொஞ்சம் குறைவு. எவ்வளவு குறைவு என்று தெரிய, நிறுத்தாமல் சுற்றச் சொன்னேன். சக்கரம் பதினாறு சுற்று முடிந்து கோடு மறுபடி சரியாகப் பழைய இடத்துக்கு வந்தபோது ஷாஃப்ட் முப்பத்தொன்பது சுற்றியிருந்தது. ஆக, கிரௌன் எட்டுச் சுற்றுக்குப் பினியன் 39. பினியனில் 8 பல், கிரௌனில் 39 பல், விகிதம் 4.875. மச்சானுக்குக் கை வலித்தது. டீ வாங்கிக் கொடுத்துச் சமாளித்தேன்.

டயரில் சாக்பீஸ் கோடு போட்டு மண்டியின் சிமெண்டுத் தரையில் பத்துச் சுற்று உருட்டினேன்: 20.8 மீட்டர். அப்படியானால் ஒரு சுற்றுக்கு 2.08 மீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 16.67 மீட்டர். சக்கரம் வினாடிக்கு 8 சுற்று. 8 பெருக்கல் 39, சுமார் 312. அதாவது பல் கடிப்பதுதான் சத்தம் என்றால் 60 வேகத்தில் ஊளை 312 ஹெர்ட்ஸ் சுருதியில் இருக்க வேண்டும், 50-ல் 260.

போனில் ஒலியின் அதிர்வெண் காட்டும் ஆப் ஒன்று போட்டு, பின்சீட்டுக்கு அடியில் வைத்து மறுபடி அதே சாலை. காலை எடுத்ததும் திரையில் ஒரே ஒரு கூர்மையான குச்சி எழுந்தது. 60-ல் 310-க்கும் 315-க்கும் நடுவில். 50-ல் 260-ஐ ஒட்டி. மிதித்ததும் குச்சி படுத்துவிட்டது. அந்த நிமிஷம் எனக்குக் கிடைத்த சந்தோஷத்தை மச்சான் புரிந்துகொள்ளவில்லை. "அப்ப வண்டி சரியாயிடுச்சா?" என்றான்.

சரியாகவில்லை. சத்தம் கிரௌனும் பினியனும் கடிக்கும் இடத்திலிருந்து வருகிறது, பேரிங் உருளையின் கரகரப்பு அல்ல என்பது மட்டும் உறுதியானது. ஆனால் பல் தானாகவே கெட்டிருக்கலாம். பினியன் இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் கடி தப்பியிருக்கலாம். இதற்கு மேல் எனக்குத் தெரியாது. கிருஷ்ணகிரிக்குப் போனேன்.

கிருஷ்ணகிரி பழைய பேட்டையில் ஒரு பாய் இருக்கிறார். லாரி ஹௌசிங், அதாவது பின் ஆக்சில் கூட்டின் வேலை செய்தே வயசானவர். இப்போது கண் கொஞ்சம் மங்கல், அதனால் பெரிய வேலை எடுப்பதில்லை. காவேரிப்பட்டணம் தாண்டிப் போகும்போது காலை எடுக்காமல் ஓட்டினேன். பாய் வண்டியில் ஏறி, தெரு முனைவரை போய்த் திரும்பி வந்து இறங்கினார். நான் போனை நீட்டிக் கணக்கைச் சொல்ல ஆரம்பித்தேன். முழுசாகக் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி.

"இதுக்கு முன்னால இதுல கை வெச்சது யாரு தம்பி?"

எனக்கு முதுகு சில்லிட்டது. எட்டு மாதத்துக்கு முன் டிஃபரன்ஷியல் மூக்கில் ஆயில் சொட்டுகிறது என்று ஒரு ஒர்க்‌ஷாப்பில் பினியன் ஆயில் சீல் மாற்றினேன். அரை நாள் வேலை. ஆயில் நின்றது. அதை நான் ரிப்பேராகவே கணக்கில் வைக்கவில்லை.

பாய் வண்டிக்கு அடியில் போகாமல் வெளியிலேயே உட்கார்ந்தபடி, "பிளாஞ்சைப் பிடிச்சு முன்னயும் பின்னயும் இழுத்துப் பாரு" என்றார். புரப்பலர் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு இரண்டு கையாலும் பிளாஞ்சைப் பிடித்து என் பக்கம் இழுத்தேன், தள்ளினேன். 'டொக்'. ரொம்பச் சின்ன டொக், ஆட்டம் என்று சொல்லவே முடியாத ஆட்டம். டயல் கேஜ் வைத்துப் பார்த்தால் பதினோரு தௌ. ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. "அங்க ஒரு தௌ கூட இருக்கக் கூடாது" என்றார். நான் படுத்திருந்த இடத்திலிருந்தே அவர் முகம் தெரிந்தது, சிரித்துக்கொண்டிருந்தார்.

அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். பினியன் தண்டு இரண்டு டேப்பர் பேரிங்கில் நிற்கிறது. பல் இருக்கும் தலைப்பக்கம் ஒன்று, பிளாஞ்ச் இருக்கும் வால்பக்கம் ஒன்று. இரண்டும் எதிர் எதிராகச் சாய்ந்தவை. பிளாஞ்ச் நட்டை இறுக்கும்போது இரண்டும் ஒன்றை ஒன்று நெருக்கித் தண்டை ஆடவிடாமல் பிடிக்கின்றன. இந்த முன்னிறுக்கத்தைத்தான் ப்ரீலோடு என்கிறார்கள். வண்டியை மிதிக்கும்போது பினியன் கிரௌனை ஓட்டுகிறது. சாய்ந்து சுருண்ட பல் ஆதலால் பினியனை முன்பக்கம் தள்ளிவிடும், அதைத் தலை பேரிங் தாங்கும். காலை எடுத்தால் சக்கரம் கிரௌனைச் சுற்ற, கிரௌன் பினியனை ஓட்டுகிறது. இப்போது பல்லின் மறுமுகம் உழைக்கிறது. பினியனை உள்ளே, தன் பக்கம் இழுக்கிறது. அதைத் தாங்க வேண்டியது வால் பேரிங். நட்டு சரியான இறுக்கத்துக்கு வரவில்லை என்றால் இழுத்த இழுப்புக்குப் பினியன் உள்ளே போய்விடும். பல் இருக்க வேண்டியதைவிட ஆழமாகக் கடிக்கும். ஊளை.

மிதிக்கும்போது சத்தம் வராததற்கும் இதுதான் காரணம். அப்போது பினியன் முன்னால் தள்ளப்பட்டுத் தன் பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது. மிதித்தாலும் எடுத்தாலும் ஒரே மாதிரிக் கத்தியிருந்தால் பாய் வேறு இடத்தில் தேடியிருப்பாராம்.

"நட்டை இறுக்கிட்டா போதாதா பாய்?"

"எட்டு மாசம் தொளதொளன்னு ஓடியிருக்கு. பேரிங் எப்பிடி இருக்கும்? சும்மா இறுக்கினா ஒரு மாசம் நல்லாருக்கும். அப்பறம் என்னையத்தான் திட்டுவ."

திறந்தோம். ஆயிலை வடித்தபோது அடியில் பழைய ஸ்பீக்கர் காந்தத்தைப் பாலிதீனில் சுற்றிப் போட்டிருந்தேன். கருப்பு ஆயிலில் அழுகிய முட்டை வாடை. அது கெட்டுப்போன வாடை இல்லை. ஹைப்பாய்டு பல்லுக்கான, கடும் அழுத்தம் தாங்கும் இபி ஆயிலில் கந்தகம் கலந்திருக்கும். இந்த வகைப் பல்லில் பினியனின் மையம் கிரௌனின் மையத்துக்குக் கீழே இறங்கி உட்கார்ந்திருக்கும். ஷாஃப்ட் தாழ்வாகப் போகும், காருக்குள் தரை மேடு சின்னதாகும். ஆனால் பல் உருளுவதோடு பக்கவாட்டில் வழுக்கவும் செய்யும். அந்த வழுக்கலில் சாதாரண ஆயில் நசுங்கி ஓடிவிடும். இஞ்சின் ஆயிலை இதில் ஊற்றிவிட்டு "எல்லாம் ஆயில்தானே" என்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இல்லை. இபி 90 தான்.

காந்தத்தை எடுத்துப் பாலிதீனை உரித்தால், விபூதியைத் தண்ணீரில் குழைத்தது போல ஒரு சாம்பல் பூச்சு. விரலில் தேய்த்தால் மழமழ. அதற்கு நடுவே மூன்றே மூன்று மின்னும் செதில்கள், கடுகு அளவு. பூச்சு எல்லா வண்டியிலும் வரும். செதில் வரக் கூடாது.

சக்கரம், டிரம் கழற்றி, இரண்டு ஆக்சிலையும் நான்கு விரற்கடை வெளியே இழுத்தால் போதும். டிஃபரன்ஷியலைச் சுற்றியிருக்கும் நட்டுகளை எடுத்துவிட்டு அப்படியே முன்பக்கமாக நெஞ்சில் வாங்கிக்கொள்ளலாம். நெஞ்சில் என்றால் நிஜமாகவே நெஞ்சில். பாயின் பையன் வாங்கினான், நான் காலைப் பிடித்தேன். பிரேக் ஆயில் லைனைத் தொடவே தேவையில்லை.

மேஜையில் வைத்ததும் பாய் கையில் சென்டர் பஞ்சு எடுத்து, இடது பேரிங் கேப்பில் ஒரு புள்ளி, வலதில் இரண்டு புள்ளி அடித்தார். மாற்றிப் போட்டால் அவ்வளவுதான், அந்தத் துளை அந்தக் கேப்போடு சேர்த்துக் கடைந்தது. ஷிம்களை, அதாவது தாள் போல மெல்லிய அந்த இரும்பு வளையங்களை, எந்தப் பக்கத்தில் எது இருந்ததோ அந்தப் பக்கமாகவே கம்பியில் கோத்துத் தொங்கவிட்டார். அதைப் பார்த்ததும்தான் எனக்கு அவர்மேல் முழு நம்பிக்கை வந்தது. தராசு ஆளுக்கும் ஷிம்தான் உயிர்.

பிரிப்பதற்கு முன் எனக்காக ஒரு வேடிக்கை காட்டினார். பல்லின் கடி எங்கே படுகிறது என்று பார்க்க மார்க்கிங் சாயம் வேண்டும். கடையில் டப்பா காய்ந்துபோயிருந்தது. என் வண்டி டேஷ்போர்டில் பிள்ளையாருக்கு வைத்திருந்த குங்குமம் இருந்தது. விளக்கெண்ணெயில் குழைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் கிரௌனின் ஏழெட்டுப் பல்லில் மெல்லிசாகத் தடவினோம். பையன் பிளாஞ்சை முன்னால் இழுத்துப் பிடித்தபடி சுற்ற, அவர் கிரௌனைக் கையால் தடுத்துப் பளு கொடுத்தார். பல்லின் நடுவில் குங்குமம் விலகி ஒரு நீள்வட்டம் பளிச்சென்று தெரிந்தது, விரல் ரேகை போல. துடைத்துவிட்டு மறுபடி தடவி, இந்தத் தடவை பிளாஞ்சை உள்ளே தள்ளியபடி எதிர்ப்பக்கம் சுற்றினான். நீள்வட்டம் நடுவில் இல்லை. பல்லின் அடியில், வேர்ப்பக்கம் மெல்லிய கோடாக ஒட்டியிருந்தது. அதே பல், அதே பினியன். பதினோரு தௌ இடம் மாறினால் கடி வேருக்குப் போய்விடுகிறது. போன் திரையில் நான் பார்த்த குச்சி இதோ கண் முன்னால் சிவப்பாக இருந்தது.

இந்தச் சாயப் பரிசோதனையை எப்படிப் படிப்பது என்று பாய் சொல்லிக்கொடுத்தார். கடி பல்லின் நுனியில் பட்டால் பினியன் கிரௌனைவிட்டுத் தள்ளி நிற்கிறது. தலையில் ஷிம் கூட்டி உள்ளே தள்ள வேண்டும். வேரில் பட்டால் ரொம்ப உள்ளே இருக்கிறது; ஷிம் குறைக்க வேண்டும். பல்லின் நீளத்தில் உள்பக்கக் குறுகிய முனையில் பட்டால் கிரௌன் பினியனோடு ரொம்ப நெருங்கிவிட்டது, வெளிமுனையில் பட்டால் விலகிவிட்டது. அதைப் பக்கவாட்டு ஷிம்மை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றிச் சரிசெய்ய வேண்டும். எங்கள் விஷயத்தில் ஷிம் தப்பில்லை, தண்டுதான் நகர்கிறது. அதனால் எதையும் மாற்றாமல் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தால் போதும்.

வால் பேரிங்கைக் கழற்றிப் பார்த்தால் வெளி வளையத்தில் உருளைகளின் தடம் குழியாகப் பதிந்து, ஒரு இடத்தில் தோல் உரிந்திருந்தது. கடுகுச் செதில் அங்கிருந்துதான். தலை பேரிங் பரவாயில்லை. இருந்தாலும் இரண்டையும் மாற்றினோம். "கிரௌன் பினியன் செட்டையே புதுசாப் போட்டுடலாமா" என்று கேட்டேன். பாய் எழுந்தே போய்விட்டார். திரும்பி வந்து, "இந்தப் பல்லு ரெண்டும் முப்பது வருசத்துக்கு மேல ஒண்ணையொண்ணு தேச்சுப் பழகினது. எதிர்முகத்துல லேசா கீறல் இருக்கு, அவ்ளோதான். புதுசு வாங்கினா எப்பிடி இருக்குமோ எனக்குத் தெரியாது. இது எப்பிடி இருக்கும்னு தெரியும்" என்றார்.

பழைய தலை பேரிங்கையும் புதியதையும் மைக்ரோமீட்டரில் அளந்தார். புதியது இரண்டு தௌ தடிமன் கூட. அப்படியே போட்டால் பினியன் இரண்டு தௌ உள்ளே போய்விடும். அதனால் தலை ஷிம்மில் இரண்டு தௌ குறைத்தார். பேரிங் மாற்றுகிறவர்கள் பலர் விட்டுவிடும் இடம் இதுதான் என்றார். புது பேரிங் போட்டபிறகு புதுச் சத்தம் வருவதற்குப் பாதிக் காரணம் இதுவாம்.

அடுத்தது ப்ரீலோடு. இங்கே என் சரக்கு. பிளாஞ்சில் நூல் சுற்றி, முனையில் ஸ்பிரிங் தராசைக் கோத்து மெதுவாக இழுக்க வேண்டும். தண்டு சுற்றிக்கொண்டிருக்கும்போது முள் காட்டுவதுதான் கணக்கு, அசைய ஆரம்பிக்கும்போது காட்டுவது அல்ல. ஆயில் சீல் போடுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சீலின் பிடிப்பும் சேர்ந்துவிடும். நான் அன்று காலை எடைக்கல் வைத்துச் சரிபார்த்த ஐந்து கிலோ தராசைக் கொண்டுபோயிருந்தேன். நூல் சுற்றிய இடத்தின் ஆரம் ஐந்து சென்டிமீட்டர். நட்டை முழு இறுக்கத்துக்கு இறுக்கி இழுத்தால் நான்கு கிலோ. பாய் தலையாட்டினார். "டைட்டு. காஞ்சு போயிடும்." பிரித்து, இரண்டு பேரிங்குக்கும் நடுவில் தண்டைச் சுற்றி நிற்கும் நடுக்குழாய்க்கும் வால் பேரிங்குக்கும் இடையில் ஒரு மெல்லிய ஷிம் கூட்டினோம். கூட்டினால் இறுக்கம் குறையும், முதலில் எனக்கு இது தலைகீழாகத் தோன்றியது. மறுபடி இறுக்கி இழுத்தால் மூன்று. இன்னொரு மெல்லிய ஷிம். இரண்டரை. "வெச்சுக்க."

எட்டு மாதத்துக்கு முன் நடந்தது எனக்கு அப்போது புரிந்தது. சீல் மாற்ற நட்டைக் கழற்றியவர் திரும்ப இறுக்கும்போது கைக்கு இறுகியதும் விட்டிருக்கிறார். அந்த நட்டுக்கு நீளமான குழாய் போட்டு, பிளாஞ்சை ஒரு ஆள் பிடித்துக்கொண்டு, முழுப் பலத்தோடு இறுக்க வேண்டும். எங்கள் பங்குக்கு அரை ஆள் உயரக் குழாய் போட்டு இறுக்கினோம்.

மற்றதெல்லாம் சுருக்கமாக. கிரௌனைப் பழைய பக்கவாட்டு ஷிம்களோடே உட்கார வைத்தோம். பல்லுக்கும் பல்லுக்கும் இடையில் எத்தனை தௌ ஆட்டம் இருக்க வேண்டும் என்று கிரௌனின் முதுகில் கீறியிருந்த எண்ணைத் துடைத்துப் பார்த்தால் ஆறு. டயல் கேஜில் பல்லிடை ஆட்டம் ஆறரை தௌ வந்தது. நான்கு இடத்தில் பார்த்தோம், பெரிய வித்தியாசம் இல்லை. குங்குமம் மறுபடி. இரண்டு முகத்திலும் நீள்வட்டம் நடுவில். பேப்பர் பேக்கிங், புது சீல், ஹௌசிங்கை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தல், இபி 90 லெவல் துளையில் வழியும்வரை. ஒன்றேகால் லிட்டர் போனது. ஹௌசிங் உச்சியில் இருக்கும் மூச்சுத் துளை அடைத்துக்கொண்டிருந்தது, கம்பி விட்டுக் குத்தினேன். சூட்டில் உள்ளே காற்று விரிந்து போக வழியில்லாமல் சீலைத் தள்ளிக்கொண்டு ஆயில் கசிந்திருக்கும். எல்லாம் ஆரம்பித்தது இந்தத் துளையில்தான் போலிருக்கிறது. அதைக் குத்திவிட்டிருந்தால் சீலையே மாற்ற வேண்டி வந்திருக்காதோ என்று இப்போதும் யோசிக்கிறேன்.

செலவு: இரண்டு பேரிங், சீல், பேக்கிங், ஆயில் சேர்த்து 4,350. கூலி 3,500 கேட்டார், நான்காயிரம் கொடுத்தேன். அவர் கடையின் மேஜைத் தராசு இருபது கிராம் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. அதையும் சரிசெய்து கொடுத்தேன்.

முதல் நூறு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி, நடுவில் நிறுத்தி ஹௌசிங் மூக்கில் கை வைத்துப் பார்த்தேன். சூடு கை தாங்கியது. கை வைக்கவே முடியாத சூடு என்றால் ப்ரீலோடு அதிகம். அடுத்த ஞாயிறு அதே சாலை, அதே போன், அதே இடம். 60-ல் காலை எடுத்தேன். 312-ல் குச்சி இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் சுற்றியிருக்கும் இரைச்சலிலிருந்து தலையை மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கிறது. முன்பு மின்கம்பம் போல நின்றது. 70-ல் காதைக் கொடுத்துக் கேட்டால் ஒரு முனகல். எதிர்முகத்தில் பாய் காட்டிய கீறல் அது. ஜன்னலை இறக்கினால் காற்றில் போய்விடும்.

சித்தியை ஏற்றிக்கொண்டு தொப்பூர் இறங்கினேன். மூன்றாம் கியர், கால் எடுத்தாச்சு. பாதி இறக்கம்வரை ஒன்றும் பேசவில்லை. திரும்பிப் பார்த்தால் தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஆயிலை வடித்துப் பார்த்தேன்: சாம்பல் பூச்சு மட்டும், செதில் இல்லை. புது ஆயில் ஊற்றினேன். பிளாஞ்சைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தேன், கல் மாதிரி நின்றது. தலை ஷிம், நடுக்குழாய் ஷிம், இடப்பக்கம், வலப்பக்கம் என்று பாய் சொன்ன அளவுகளை ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, தராசுகளுக்கு நான் ஒட்டும் அதே பிளாஸ்டிக் உறையில் வைத்து டிக்கி மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன்.